உல்டா ஜெபா

தாராவி,
12-2-2024

விசாலாக்ஷி மேடத்துக்கு,

என் நம்பரை நீங்கள் ப்ளாக் செய்துவிட்டதால் இந்தக் கடிதம். உங்கள் செம்பூர் வீட்டு விலாசத்தை ஆபீஸ் வாட்ச்மேனிடம் கெஞ்சி வாங்கினேன். பாவம், அவரைத் திட்டாதீர்கள். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். வரவே இல்லை என்று நாளைக்கு நீங்கள் சொல்ல முடியாது.

மறந்து போயிருந்தால் சொல்கிறேன், நான் ஜெபசெல்வி. அழிந்துபோன கடலோரக் காட்டைத் திரும்பக் கொண்டுவர அரசாங்கம் போட்ட திட்டத்தில், உங்கள் அலைக்கரை அறக்கட்டளைக்காக நாலு வருஷம் ஐரோலிச் சேற்றில் இடுப்பளவு நின்று கண்டல் நட்டவள். என்னோடு பத்துப் பெண்கள், எல்லோரும் தாராவிக்காரிகள். நாற்றங்காலும் எங்கள் பொறுப்பில்தான் இருந்தது.

போன வாரம் அரசு அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு தாள் வந்தது. இனி எங்கள் குழுவுக்கு இந்தத் திட்டத்தில் எந்த ஊரிலும் வேலை கிடையாதாம். ஏனென்றால் போன மழைக்காலத்தில் நட்ட பன்னிரண்டாயிரம் குச்சியும் செத்துவிட்டது. ஏன் செத்தது? உங்கள் அறிக்கையின் நகலையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். ‘பயிற்சியில்லாத பெண்கள் குச்சிகளைத் தலைகீழாக நட்டுவிட்டனர்.’ ஒரே வரி. கீழே உங்கள் அழகான கையெழுத்து.

பயிற்சியில்லாத பெண்கள்! முருங்கைக்காய் மாதிரி மரத்திலேயே முளைத்துத் தொங்குகிற அந்தக் குச்சியை நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் லட்சம் குச்சியைக் கையால் பிடித்தவர்கள்.

பன்னிரண்டாயிரமும் ஏன் செத்தது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். பூநாரைகள் மேய்கிற வெறுஞ்சேற்றில் நடச் சொன்னீர்கள். அலை ஏறினால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிற இடம். “மேடம், இங்க குச்சி நிக்காது. பறவைக்கும் மேய எடம் இல்லாமப் போவும்” என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். நீங்கள் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஹெக்டேர் கணக்கு காட்டணும் ஜெபா, நீ நட்டுண்டே போ” என்றீர்கள். நட்டோம். அலை அடித்துக்கொண்டு போனது. அறிக்கையில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

செய்தி தாராவிக்கு வந்துசேர ஒரு நாள்கூட ஆகவில்லை. குழாயடியில் எனக்கு இப்போது புதுப்பெயர். “ஏட்டி, உல்டா ஜெபா வாரா, கொடத்தக் கவுத்து வச்சித் தண்ணி புடிப்பா பாரு” என்கிறார்கள். என் மகள் லிசாவைக் காலேஜில் ‘உல்டா ஜூனியர்’ என்று கூப்பிடுகிறார்களாம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். ‘அவர்கள் சரியாகத்தான் நட்டார்கள், இடம்தான் தவறு’ என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அரசு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஜூனில் அடுத்த நடவு தொடங்குகிறது, அதற்குள் வேண்டும். இப்போது கேட்டு வாங்கப் பார்க்கிறேன். தராவிட்டால் வேறு மாதிரி வாங்குவேன்.

ஜெபசெல்வி


உ

செம்பூர்,
26-2-2024

அன்புள்ள ஜெபா,

உன் கடிதம் கிடைத்தது. பதில் போடாமல் இருப்பது என் வழக்கமில்லை. ஆனால் நீ எழுதியிருக்கும் தொனி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் நாற்பது வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் யார்தான் ப்ளாக் செய்யமாட்டார்கள்?

நான் எதையும் இட்டுக்கட்டி எழுதவில்லை. ஜனவரியில் ஆய்வுக்கு வந்த அந்த வெளியாள் உங்கள் முப்பிடாதியம்மாளை நிறுத்தி, “கைசே லகாயா?” என்று நட்ட விதத்தைக் கேட்டார். அவளுக்கு இந்தி தெரியும், இருந்தும் தமிழில்தான் பதில் சொன்னாள். “தலையக் கீழ வச்சித்தான் நட்டோம். வேற எப்படி நடுவாவ?” என்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்ன தோரணை! என் இரண்டு காதாலும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். மாட்டுங்காவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். தலையைக் கீழே வைப்பதற்குத் தலைகீழ் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஆளே ஒப்புக்கொண்ட பிறகு என்மேல் பாய்வதில் என்ன நியாயம்?

இடத்தைப் பற்றிக் கேட்கிறாய். ஒரு அலுவலகத்தை நடத்துவது எப்படி என்று உனக்குத் தெரியாது. இடம் தவறு என்று நானே எழுதிக் கொடுத்தால் அறக்கட்டளையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். அங்கே முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். நடுகிறவர்கள் மாறுவார்கள், நிறுவனம் இருக்கவேண்டும். ஆற அமர யோசித்தால் உனக்கே புரியும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. பத்தாவது படித்த உன்னைக் குழுத் தலைவியாக்கியது நான்தான். அலுவலகக் கடிதம் எழுதவும் ரிஜிஸ்டர் தபால் போடவும் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அதை வைத்துக்கொண்டே என்னை மிரட்டுகிறாய், சமத்து!

உன்மேல் எனக்கு வன்மம் கிடையாது. வாஷியில் என் சிநேகிதி வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். நல்ல மனுஷர்கள், ஏ.சி. ரூம். சேற்றில் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல். விருப்பமிருந்தால் எழுது, சொல்லி வைக்கிறேன்.

விசாலாக்ஷி


தாராவி,
6-3-2024

மேடத்துக்கு,

பிள்ளையார் சுழி போட்டு எழுதிய உங்கள் கடிதத்தை முப்பிடாதியக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ‘தலையக் கீழ வச்சித்தான் நட்டோம்’ என்ற இடம் வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன். “இவ்வளவுதானா அவளுக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டு டீ போட எழுந்து போனாள்.

ஆமாம் மேடம். முப்பிடாதியக்கா அப்படித்தான் சொன்னாள், நான் மறுக்கவில்லை. நாலு வருஷமாக நாங்கள் அப்படித்தான் நடுகிறோம்.

வாஷி வேலைக்கு நன்றி. உங்கள் சிநேகிதியிடம் சொல்லுங்கள், உல்டா ஜெபாவிடம் கைக்குழந்தையைக் கொடுத்தால் காலைப் பிடித்துத் தொங்கவிடுவாள் என்று.

கடிதம் தரமாட்டீர்கள் என்பது புரிந்தது. சரி. இனி நான் கேட்கமாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் மறக்கிற ஜாதி இல்லை. லிசா பாத்ரூம் கதவைச் சாத்தினாளே, அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுகிறவரை நான் தூங்கப் போவதில்லை.

ஜெபசெல்வி


தாராவி,
11-7-2024

மேடத்துக்கு,

நாலு மாதம் சத்தமே இல்லை, ஜெபா அடங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். சேறு காயட்டும் என்று இருந்தேன்.

இந்த வருஷ நடவுக்கு ஆள் பிடிக்கும் வேலையை எங்கள் தெருச் செல்வத்திடம் கொடுத்தீர்கள். என்னை உல்டா என்று முதலில் சொல்லிச் சிரித்தவனே அவன்தான். கூலிக்காக நாகா சந்திப்பில் நிற்கிற ஆட்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான். முட்டளவு சேற்றில் நின்றதுமே பாதிப்பேர் திரும்பி வந்துவிட்டார்கள். கடைசியில் என் வீட்டு வாசலுக்கே வந்து, “யக்கா, மானத்தக் காப்பாத்துங்க” என்று நின்றான். தடை குழுவுக்குத்தானே, பெயருக்குப் பெயர் தடை இல்லையே? நாங்கள் பதினோரு பேரும் தனித்தனியாக அவனிடம் கூலிக்குப் போனோம்.

முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, இந்தத் தடவை வெறுஞ்சேற்றை விட்டுக் கரையோரமாக, எட்டு நாள் நட்டோம். நீங்கள் இரண்டு முறை வந்தீர்கள். ஒருமுறை கரையிலிருந்து என்னைப் பார்த்துக் கையைத் தட்டி, “ஏ பாயி, ஜல்தி கரோ” என்று யாரோ வேலைக்காரியை விரட்டுவதுபோல் விரட்டினீர்கள். நாலு வருஷம் உங்களோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்து தின்றவளை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறாயிரம் குச்சி நட்டிருக்கிறோம். ஆறாயிரத்தையும் முப்பிடாதியக்கா உங்களிடம் சொன்ன முறையில்தான் நட்டிருக்கிறோம், தலையைக் கீழே வைத்து. நான் இயேசுவின் மேலும் முப்பிடாதியக்கா இசக்கியம்மன் மேலும் சத்தியம் செய்கிறோம், ஒன்றுகூட வேறு மாதிரி இல்லை. பதினோரு பேரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

செப்டம்பரில் அரசாங்கத்து ஆய்வு வருகிறது. அதற்குள் நான் கேட்ட கடிதத்தை எழுதிக் கொடுத்தால், நானே வந்து அந்தக் குச்சிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இல்லையென்றால் நீங்களே இறங்கிப் பாருங்கள். எங்களைத் தலைகீழ் என்று எழுதியவருக்கு எது தலை எது கால் என்று தெரியாமலா இருக்கும்?

ஜெபசெல்வி
முப்பிடாதியம்மாள் (கைநாட்டு)
ரோஸி, மகேஸ்வரி மற்றும் ஏழு பேர்


உ

செம்பூர்,
29-7-2024

ஜெபா,

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான். பயம் இல்லை. நீ இவ்வளவு கீழே இறங்குவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என்மேல் கோபமென்றால் என்னைத் திட்டு. வாயில்லாத செடி உனக்கு என்னடி செய்தது?

உன் பழி பலிக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேற்றும் முந்தாநாளும் தண்ணீர் இறங்கிய நேரத்தில் ஐரோலியிலிருந்து நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். ஆமாம், நானேதான்! ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். அலுவலகத்தில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், பிறகு உன் கடிதத்தைக் காட்டவேண்டி வரும்.

ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு முனை பச்சையாக, மெலிந்து, கூராக இருந்தது. இன்னொரு முனை பருத்துப் பழுப்பாக இருந்தது. பருத்த பக்கத்தைச் சேற்றில் செருகியிருக்கிறீர்கள்! ஆணியைக் கொண்டைப் பக்கமாக எந்த மடையனாவது அடிப்பானா? பக்கத்துக் குச்சியைப் பிடுங்கினேன், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பார்த்த ஒவ்வொன்றும் தலைகீழ்.

எல்லாவற்றையும் பிடுங்கிக் கூரான பக்கம் கீழே இருக்கும்படி நேராக்கி நட்டோம். மிச்சத்தை அடுத்த வாரம் தண்ணீர் இறங்கும்போது முடித்துவிடுவேன். உன்னைவிட எனக்கு அந்தச் செடிகள்மேல் அக்கறை இருக்கிறது என்பதாவது இப்போது உனக்குத் தெரியட்டும்.

பதினோரு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் வாக்குமூலம் அனுப்பியிருக்கிறாய். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விசாலாக்ஷி


தாராவி,
1-8-2024

மேடத்துக்கு,

இதுவரை எத்தனை பிடுங்கினீர்கள்?

ஜெபசெல்வி


உ

செம்பூர்,
7-8-2024

ஜெபா,

தொள்ளாயிரத்து நாற்பது. எண்ணித்தான் செய்தேன், எதையும் எண்ணிச் செய்வது என் வழக்கம். மிச்சத்தைச் செய்ய முடியவில்லை. ஒருவன் காலைச் சிப்பி கிழித்துவிட்டது, ஆட்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் முழங்கால் வீங்கிவிட்டது. நான் நேராக்கிய தொள்ளாயிரத்து நாற்பதாவது பிழைக்கும். செத்துப்போகும் ஐயாயிரத்துக்கும் நீதான் பதில் சொல்லவேண்டும். ஆய்வு நாளன்று உன் கடிதத்தை அதிகாரியின் கையில் கொடுப்பேன். போலீஸ் வரைக்கும் போகும், தெரிந்துகொள்.

விசாலாக்ஷி


செம்பூர்,
27-9-2024

ஜெபசெல்விக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

பத்தொன்பதாம் தேதி ஆய்வில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே நடத்தினீர்கள். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

காலையில் அரசு அதிகாரி அந்தப் பெண் வந்து இறங்கியபோது எனக்குத் தைரியம்தான் இருந்தது. கையில் உங்கள் கடிதம். அதை இந்தியில் வாசித்துக் காட்டினேன். பிறகுதான் எல்லோரும் நடவுப் பக்கம் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. ஒவ்வொரு குச்சியின் உச்சியிலும் நாலு இலை, பளபளவென்று. நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுத்து அழுகிக் கிடந்தது. பார்த்ததுமே அந்த இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் ரப்பர் பூட்ஸின் ஒன்று அங்கேதான் சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றது.

கூலியாட்களோடு நின்ற உங்களை அந்த அதிகாரி கூப்பிட்டு, “உல்டா கித்னா லகாயா?”, எத்தனையைத் தலைகீழாக நட்டாய் என்று கேட்டார். “ஏக் பீ நஹி”, ஒன்றுகூட இல்லை என்றீர்கள். அப்படியானால் கடிதத்தில் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டார். முப்பிடாதியம்மாள் முன்னால் வந்தாள். நாற்றங்கால் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். பருத்த பழுப்பு முனையைத் தடவிக்கொண்டே, “இது தலைம்மா. வேரு இங்கனதான் விடும். பிள்ள தலை திரும்பித்தான வெளிய வரும்? தலை கீழ வந்தாத்தான் சொகப்பிரசவம். இதும் அப்படித்தான், மரத்துலயிருந்து தலைகுப்புறத்தான் விழும். நாங்க பதினோரு பேரும் பிள்ள பெத்தவ, எங்களுக்கு இது தலைதான்” என்றாள். உங்கள் மகள் லிசா அதை இந்தியில் சொன்னாள். அவள் அங்கே வந்திருந்ததையே நான் அப்போதுதான் பார்த்தேன். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

அதிகாரி அதே குச்சியை என் கையில் கொடுத்தார். நடச் சொன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தலை கீழே என்று கிழவி சொல்கிறாள், கூர்தானே மண்ணில் இறங்கும் என்று என் புத்தி சொல்கிறது, இருபது பேர் பார்க்கிறார்கள். பதற்றத்தில் கூரான பக்கத்தைக் கீழே வைத்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. முப்பிடாதியம்மாள் மட்டும், “அய்யோ, பிள்ளையக் கால் வழியா இழுக்காளே” என்றாள்.

என் பிள்ளை ஆபரேஷனில் பிறந்தான். தலை திரும்பினானா, இல்லையா என்று எனக்கு யார் சொன்னார்கள்? உங்கள் கூட்டத்துப் பேச்சு எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தும் மார்ச்சிலேயே ஒரு வரி எழுதாமல் விட்டீர்களே, அது நியாயமா?

சரி, நானும் நியாயமாக எழுதுகிறேன். வெறுஞ்சேற்றில் நடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அரசாங்கத்து வரைபடத்திலேயே அந்த இடத்தைப் பறவைகளுக்காக விட்டிருந்தார்கள். எண்ணிக்கை காட்டுவதற்காக நட்டேன். முப்பிடாதியம்மாள் ஜனவரியில் சொன்ன அந்த வார்த்தை வாய்க்கு வந்த பழம் மாதிரி இருந்தது, எடுத்துக்கொண்டேன். இதையெல்லாம் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் கேட்ட கடிதம் அதுதான். ஏழு மாதம் தாமதமாக வந்திருக்கிறது. உங்கள் குழுவின் தடையை நீக்கிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

அறக்கட்டளை என்னை நீக்கிவிட்டது. அது போகட்டும். நீக்கிய உத்தரவில் ‘கெட்ட எண்ணத்தோடு, வேண்டுமென்றே நாற்றுகளைப் பிடுங்கி அழித்தார்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி இருக்கும்வரை இந்தியாவில் எந்த நிறுவனமும் என்னை உள்ளே விடாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் வேண்டுமென்றே செய்யவில்லை. அது உங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

எனக்காக ஒரே ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். நான் கெட்ட எண்ணத்தோடு பிடுங்கவில்லை என்று மட்டும் எழுதினால் போதும். உங்களிடம் இப்படிக் கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

விசாலாக்ஷி


தாராவி,
5-10-2024

விசாலாக்ஷி மேடத்துக்கு,

முதல்தடவையாக ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையார் சுழியைக் காணோம். வேலை போனால்தான் சிலருக்கு மரியாதை வருகிறது.

மார்ச்சிலேயே ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுதியிருக்கலாம். ‘மேடம், தலை என்றால் எங்கள் பேச்சில் வேர்முனை’ என்று ஒரு வரி. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அப்படியா ஜெபா, பரவாயில்லை ஜெபா, வாஷி வேலைக்குப் போகிறாயா ஜெபா என்றிருப்பீர்கள். நாலு வருஷம் எங்களோடு நின்றீர்கள். தினமும் நூறு தடவை “தலையப் பாத்து வைட்டி, தலையப் பாத்து வை” என்று கத்தினோம். ஒருநாள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும். நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றால், தெரியாமலே போங்கள் என்று விட்டுவிட்டேன்.

நான் பொய் எழுதவில்லை. ஜூலைக் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நீங்கள் படித்த தமிழில் படித்தீர்கள், நான் பேசுகிற தமிழில் எழுதினேன்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் பிடுங்குகிறீர்கள் என்று தெரிந்ததும் முப்பிடாதியக்கா என் வீட்டுக்கு வந்து கத்தினாள். “போயிச் சொல்லிருட்டி, பாவம் பச்ச மண்ணு, அது என்ன பண்ணிச்சு?” என்றாள். ஒரு போன் போட்டிருந்தால் போதும். பிடுங்கியதை அந்த வாரமே திருப்பி நட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். நான் போகவில்லை. எத்தனை என்று மட்டும் உங்களிடம் கேட்டேன். ஒவ்வொன்றும் நாங்கள் நட்டது, எங்கள் விரல் பட்டது. அது அழுகினால்தான் நீங்கள் அழுவீர்கள் என்று இருந்தேன். முப்பிடாதியக்கா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தத் தொள்ளாயிரத்து நாற்பதுக்கு நீங்கள் பாதி, நான் பாதி. என் பாதியை நான் அழுது தீர்த்துக்கொள்கிறேன்.

அதற்காக உங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வரவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. நாற்றங்கால் சாவியை அந்த அதிகாரி அம்மா என் கையில் கொடுத்தபோதுகூட, பக்கத்தில் நீங்கள் நிற்கவில்லையே என்றுதான் குறையாக இருந்தது. வெறுஞ்சேற்றில் இனி யாரும் குச்சி நடக்கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பூநாரைகள் வந்துவிடும்.

நீங்கள் கேட்ட கடிதம் வேறு விஷயம். நான் கேட்டபோது நீங்கள் தரவில்லை. நீங்கள் கேட்கும்போது நானும் தராமல் போனால் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று லிசா கேட்டாள். அதனால் தருகிறேன். உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை. தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் லிசா டைப் செய்து வைத்திருக்கிறாள். எந்த நிறுவனத்துக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். காட்டாமல் கிழித்துப் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

ஜெபசெல்வி

(இணைப்பு)

இதனால் தெரிவிப்பது என்னவென்றால், திருமதி விசாலாக்ஷி அவர்கள் தொள்ளாயிரத்து நாற்பது கண்டல் குச்சிகளைக் கெட்ட எண்ணத்தோடு பிடுங்கவில்லை. அவருக்கு எது தலை, எது கால் என்று தெரியாது. நாலு வருஷம் கரையில் நின்று எங்களை மேற்பார்வை பார்த்தபோதும் அவருக்குத் தெரியாது. நாங்கள் தலைகீழாக நட்டோம் என்று அறிக்கை எழுதியபோதும் தெரியாது. பிடுங்கித் திருப்பி நட்டபோதும் தெரியாது. அரசாங்கத்தின் முன்னால் நட்டுக் காட்டியபோதும் தெரியாது. இது உண்மை என்று இருபது பேர் பார்க்க நடந்ததை வைத்து உறுதி கூறுகிறோம்.

ஜெபசெல்வி, குழுத் தலைவி
ரோஸி, மகேஸ்வரி மற்றும் ஏழு பேர்
முப்பிடாதியம்மாள், இடது பெருவிரல்